பாப்பா வாய் திறக்க 52 நாள்

இன்று காலை 9.20க்கு என் மகள் 64 கிராம் பருப்பு சாதம் சாப்பிட்டாள். தராசில் வைத்துப் பார்த்த கணக்கு இது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பெண் ஒரு நாள் முழுக்க மூன்று வேளை முயன்றும் 4 கிராமைத் தாண்டவில்லை. நடுவில் என்னென்ன செய்தேன், எதில் தப்பு செய்தேன், எவ்வளவு செலவானது என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு குழந்தையும் வேறு, அது தெரியும். ஆனால் நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் "ஆறாம் மாத உணவு 20 வகை" என்ற பட்டியல்கள்தான். வாயையே திறக்காத குழந்தையிடம் 20 வகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் வீட்டு நிலவரம். நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். மனைவிக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, பேறுகால விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்னால் எடுத்த ஒரு வாரம் போக, பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைய ஒரு வாரம் இருக்கும்போதே விடுப்பு முடிந்துவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு இணை உணவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி, ஆனால் அந்த இணை உணவு தொடங்க வேண்டிய அதே வாரத்தில் அம்மா வீட்டில் இல்லை. எனக்கு மதியம் 2 மணிக்குத்தான் வேலை தொடங்கும், அதுவும் வீட்டிலிருந்தே. அதனால் காலை உணவு என் பொறுப்பு, மதியம் அத்தை பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். காலை 6.45க்கு ஒரு முறை பால் கொடுத்துவிட்டு மனைவி 8.15க்குக் கிளம்புவாள், மதியத்துக்குப் பால் எடுத்து ஃபிரிட்ஜில் இருக்கும்.

பிப்ரவரி நடுவில் குலதெய்வம் கோயிலில் சோறூட்டினோம். ஒரு வயது வரை சர்க்கரையும் உப்பும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாயசம் வைக்காமல், குழைத்த சோற்றில் நெய் விட்டு நாக்கில் தடவினோம். முகத்தைச் சுளித்து நாக்கால் வெளியே தள்ளினாள். எல்லோரும் சிரித்தோம். அதை முதல் நாள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அடுத்த நாளே ராகிக் கூழில் இறங்கினேன். 100 கிராம் ராகியைக் கழுவி இரவு ஊறவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் பிழிந்து பால் எடுப்பது. மூன்று முறை தண்ணீர் விட்டுப் பிழிந்தால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பால் கிடைக்கும், அதை அடுப்பில் கிண்டக் கிண்டப் பளபளவென்று ஒரு பழுப்பு வரும். பார்க்க அழகாக இருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனால் நாக்கு வெளியே வரும், கூழ் தாடையில் வழியும், அதை வழித்து மறுபடி வாயில் வைத்தால் மறுபடி தாடைக்கு வரும். அதற்குள் கிண்ணத்தில் இருக்கிற கூழ் ஆறிக் களி மாதிரி இறுகிவிடும். சுடுதண்ணீர் விட்டுக் கரைத்தால் கட்டி கட்டியாக நிற்கும், இன்னும் விட்டால் வெறும் தண்ணீர். பத்து நாள் இதேதான் நடந்தது.

இந்த இடத்தில்தான் முதல் தப்பு. ராகி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். ருசிதான் பிரச்சினை என்று தோன்றிவிட்டால் அதற்கப்புறம் சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. பதினோராம் நாள் மசித்த வாழைப்பழம், பன்னிரண்டாம் நாள் வேகவைத்த ஆப்பிள், பிறகு பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பேரீச்சை ஊறிய தண்ணீர் கலந்த ராகி, நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, கடையில் வாங்கிய மூன்று வகைத் தயார் மாவு பாக்கெட் (மொத்தம் 645 ரூபாய், மூன்றும் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயின). அங்கன்வாடி சத்துமாவும் இருந்தது, ஆனால் அதில் வெல்லம் உண்டு என்பதால் அப்போது எடுக்கவில்லை. பதினேழாம் நாள் வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தது. எதனால் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முந்தைய மூன்று நாளில் மூன்று புதுப் பொருள் கொடுத்திருந்தேன். ஒரு புதுப் பொருள் கொடுத்தால் மூன்று நாள் அதோடு நின்று பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த காகிதம் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது.

இரண்டாவது தப்பை எழுத எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. இருபத்தோராம் நாளிலிருந்து கட்டாயப்படுத்தத் தொடங்கினேன். கட்டாயம் என்றால் அப்போது அப்படித் தெரியவில்லை. மடியில் சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டு, போனில் பாட்டு ஓடவிட்டு, அவள் அதைப் பார்த்து வாய் பிளக்கும்போது பாலாடையால் (பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) உள்ளே ஊற்றுவது. முதல் நாள் 30 மில்லி போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனைவிக்கு அலுவலகத்துக்கே போன் போட்டுச் சொன்னேன். நான்காம் நாள் காலை, அதாவது இருபத்து நான்காம் நாள், மூன்றாவது பாலாடையில் ஓங்கரித்து, குடித்த பாலெல்லாம் சேர்த்து வாந்தி எடுத்தாள். கண்ணில் தண்ணீர், மூக்கிலும் கூழ். துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தேன். அன்று மதியம் அத்தை வெறும் ஸ்பூனைக் கையில் எடுத்ததுமே தலையைத் திருப்பி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சாப்பாடு கூட இல்லை, காலி ஸ்பூன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, "விடுங்க மாப்பிள்ளை. நாலு நாளைக்கு அவ கண்ணுல இந்தக் கிண்ணமே படக் கூடாது" என்றார். அதன்படி ஐந்து நாள் எல்லாவற்றையும் நிறுத்தினோம். பால் மட்டும். அதற்கு நடுவே டாக்டரிடம் காட்டினோம். எடை பார்த்தார், வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், கழுத்து நிற்கிறதா, பிடித்தால் உட்காருகிறாளா என்று பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை, வற்புறுத்துவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பிறக்கும்போது உடம்பில் இருக்கிற இரும்புச்சத்து சுமார் ஆறு மாதத்துக்குத்தான் வரும், தாய்ப்பாலில் அது மிகக் குறைவு என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். தாய் சேய் நல அட்டையில் ஆறாம் மாதம் 6.9 கிலோ, ஏழாம் மாதம் 7.0 கிலோ. வரைபடத்தில் கோடு கிட்டத்தட்டப் படுத்திருந்தது.

முப்பதாம் நாள் மறுபடி தொடங்கினேன், இந்த முறை நோட்டோடு. 380 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன், ஒரு கிராம் வரை காட்டும். கிண்ணம், ஸ்பூன், கழுத்தில் கட்டும் பிப், துடைக்கும் துணி எல்லாவற்றையும் சேர்த்து முதலில் எடை, சாப்பிட்டு முடித்தபின் அதே எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எடை. கிண்ணத்தை மட்டும் நிறுத்தால் கணக்கு பொய் சொல்லும், பாதி பிப்பில்தான் இருக்கும். எழுதியது ஆறு விஷயம்: மணி, கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரம், தூங்கி எழுந்து எவ்வளவு நேரம், எங்கே உட்கார்ந்தாள், என்ன கொடுத்தோம், எத்தனை கிராம். வாயை மூடிக்கொண்டாலோ தலையைத் திருப்பினாலோ அங்கேயே முடித்துவிடுவது, ஒரு ஸ்பூன் கூட அதற்கு மேல் இல்லை என்பது அத்தை போட்ட விதி. கொடுத்தது ஒரே பொருள்தான், பச்சரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துப் பொடித்த கஞ்சி.

14 நாளில் 27 முறை எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தபோது கண்ணில் பட்டது சாப்பாட்டுப் பெயர் இல்லை, நேரம். பால் குடித்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தது 11 முறை, அதில் அதிகபட்சம் 6 கிராம். பால் குடித்து ஒன்றரை மணி நேரம் தாண்டி, தூங்கி எழுந்து அரை மணிக்குள் கொடுத்தது 7 முறை, அதில் ஒரு முறை தவிர எல்லாமே 14 கிராமுக்கு மேல். அதே கஞ்சி, அதே ஸ்பூன். நான் இத்தனை நாளும் மனைவி கிளம்பிய கையோடு, எட்டரைக்கு, பாப்பா தூக்கத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கிண்ணத்தோடு போய் நின்றிருக்கிறேன். பால் குடித்து ஒன்றரை மணி நேரம் தாண்டியிருந்தாலும் அவள் விழிப்பில் இல்லை. மறுநாளிலிருந்து எட்டரைக்குத் தூங்க வைத்து, எழுந்ததும் சாப்பாடு என்று மாற்றினேன். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இரண்டாவது, உட்காரும் விதம். மடியில் சாய்ந்திருந்தபோது எல்லாமே குறைவு. நோட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே, முப்பத்தெட்டாம் நாள், பழைய பேபி சேர் ஒன்று 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. பிளாஸ்டிக், முன்னால் தட்டு, வார் உண்டு. வந்ததும் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் சரிந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள், அழுகை. நாற்காலி அவளுக்குப் பெரிது. இரண்டு இடுப்புப் பக்கமும் துண்டைச் சுருட்டிச் செருகினேன், சரிவது நின்றது. ஆனாலும் நெளிந்துகொண்டே இருந்தாள். கால் தொங்குகிறது என்று மனைவிதான் கவனித்தாள். "ஏங்க, நீங்க பார் ஸ்டூல்ல கால் வைக்க இடமில்லாம உக்காந்து சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

உட்காரும் பலகையிலிருந்து குதிகால் வரை அளந்தேன், 16 சென்டிமீட்டர். நாற்காலியின் கால் வைக்கிற தட்டு 27 சென்டிமீட்டரில் இருக்கிறது. நடுவில் 11 சென்டிமீட்டர். டயப்பர் வந்த அட்டைப்பெட்டியை 11 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, உள்ளே பழைய செய்தித்தாளை மடித்து மடித்து இறுக்கமாக அடைத்து, பழுப்பு டேப் சுற்றி, மேலே ரப்பர் மேட்டின் துண்டு ஒட்டி, அந்தத் தட்டின் மேல் வைத்து இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினேன். அன்று சாயங்காலம் உட்கார வைத்ததும் முதல் காரியமாக இரண்டு பாதத்தையும் அதில் ஊன்றினாள், விரல்களை விரித்து மேட்டைப் பற்றிக்கொண்டாள், முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்கு மேல் நெளியவில்லை. இத்தனை நாள் அவளுடைய பலமெல்லாம் விழாமல் இருப்பதற்கே செலவாகியிருக்கிறது, சாப்பிட எங்கே மிச்சம் இருக்கும்? வளர வளர அட்டையை உரித்து உயரத்தைக் குறைக்க வேண்டும், இதுவரை ஒரு முறை ஒரு சென்டிமீட்டர் குறைத்திருக்கிறேன்.

ஸ்பூனும் மாறியது. வீட்டு எவர்சில்வர் டீஸ்பூன் குழி ஆழமானது, அந்தச் சின்ன மேலுதட்டால் அதை வழிக்க முடியாது. அதனால் நான் ஸ்பூனை அவள் மேல் ஈறில் தேய்த்து வழித்துவிட்டுக்கொண்டிருந்தேன், அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும். தட்டையான சிலிகான் ஸ்பூன் இரண்டு, 160 ரூபாய். ஒன்று அவள் கையில், ஒன்று என் கையில். ஸ்பூனை வாய்க்கு நேரே நீட்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும், அவளாக முன்னால் வந்து உதட்டை மூடும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் இருபது எண்ணும் வரைகூட ஆகும். வெள்ளிப் பாலாடையைக் கழுவிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

இப்போது கூழ். இதுதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி, அதிக நாளும் இதற்குத்தான் ஆனது.

கூழ் விஷயத்தில் ஒரு இக்கட்டு உண்டு. ஸ்பூனில் எடுக்க வருகிற மாதிரி இளக்கமாக இருக்க வேண்டுமென்றால் 100 மில்லிக்கு 5 கிராம் மாவுதான் போட முடியும், அதில் 17, 18 கலோரி. ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி பிடிக்கும். அப்படியென்றால் என் தண்ணீர்க் கூழ் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். நடக்கிற காரியமா? சரி என்று 15 கிராம் போட்டால் ஆறியதும் களி, அதை அவளால் விழுங்க முடியவில்லை, நாக்கில் ஒட்டி ஓங்கரிக்கிறாள்.

இதற்கு வழி முளைகட்டிய தானியம். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கிற நொதி அதில் உண்டாகிறது. கெட்டியாகக் காய்ச்சிய கூழில் அந்த முளைமாவை ஒரு சிட்டிகை கலந்தால் கூழ் இளகிவிடும், தண்ணீர் சேர்க்காமலே. படித்தபோது நம்பிக்கை வரவில்லை, செய்து பார்த்தேன்.

முதல் முயற்சி பாழ். கால் கிலோ ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி, மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தேன். மார்ச் கடைசி, ஈரோட்டு வெயில். மறுநாள் இரவு திறந்தால் புளித்த வாடை, அடியில் வழவழப்பு. அப்படியே கொட்டினேன். இரண்டாம் முறை அத்தை சொன்னபடி மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, காலை மதியம் இரவு மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். 30 மணி நேரத்தில் வெள்ளையாக அரை சென்டிமீட்டர் முளை. நிழலில் பரப்பி ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்தேன். அதற்கப்புறம் வாசனை வரும் வரை நன்றாக வறுத்து அரைத்தேன், அங்கேதான் கெட்டது. கூழில் கலந்து பத்து நிமிடம் பார்த்தேன், கூழ் அசையவில்லை. நல்ல சூட்டில் வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். மணக்க மணக்க வறுத்தது ருசிக்கு நல்லது, இளக்குவதற்கு உதவாது.

மூன்றாம் முறை வறுக்கவே இல்லை. நன்கு காய்ந்ததும் அப்படியே அரைத்து, 90 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய சல்லடையில் சலித்தேன். அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர். இரண்டிலும் 100 மில்லிக்கு 15 கிராம் அரிசி பருப்பு மாவு, நன்றாகக் காய்ச்சியது. அடுப்பை அணைத்து ஏழெட்டு நிமிடம் ஆறவிட்டு, ஒன்றில் மட்டும் கால் டீஸ்பூன் முளைமாவு போட்டுக் கலக்கினேன். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் வேலை செய்யாது, நன்றாக ஆறியபின் போட்டால் மெதுவாகச் செய்யும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு டம்ளரில் ஸ்பூன் நட்டுக்கொண்டு நின்றது, இன்னொன்றைச் சாய்த்தால் மோர்க்குழம்பு மாதிரி வழிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்பூனால் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார், பிறகு "அந்தக் காலத்துல எங்கம்மா முளைகட்டிக் காய வெச்சாத்தான் குழந்தைக்கு ராகி போடும், எதுக்குன்னு நாங்க கேட்டதில்லீங்க" என்றார்.

முளைமாவு வறுக்காத மாவு என்பதால் கலந்து இளகியபின் மறுபடி அடுப்பில் ஏற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இதை விடக் கூடாது. முளைகட்டும்போது ஈரத்தில் கிருமி வளர வாய்ப்பு உண்டு, மறுகொதி அதற்காகத்தான். கொதித்தாலும் இளகியது மறுபடி இறுகாது.

வேட்டித் துணியில் வடிகட்டுவதையும் விட்டுவிட்டேன். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று சொல்லித்தான் எல்லோரும் கொடுக்கிறோம், ஆனால் சக்கையோடு சேர்ந்து அதில் ஒரு பங்கு வெளியே போகிறது. முளைகட்டி அரைத்துச் சலித்த மாவு பாப்பாவுக்கு ஒத்துக்கொண்டது, வயிறு கட்டவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் அவள் சாப்பிட்டது 26 கிராம். கெட்டியான கூழின் 26 கிராம்.

ஆனாலும் இது நான் ஊட்டி அவள் வாங்கிக்கொள்வதுதான். முகத்தில் ஆசை ஒன்றும் தெரியவில்லை. ஆசையைப் பார்த்தது ஐம்பத்திரண்டாம் நாள்.

ஞாயிற்றுக்கிழமை. பேபி சேரை எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போட்டிருந்தோம். நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பாப்பாவின் கூழ் அடுப்பில் இருந்தது. கையை நீட்டினாள். எட்டவில்லை. தட்டில் டப் டப் என்று அடித்தாள், மறுபடி நீட்டினாள். மனைவி ஒரு இட்லியின் நடுப்பகுதியை விரல் நீளத்துக்கு வெட்டி, வெறும் பருப்புத் தண்ணீரில் தொட்டு அவள் தட்டில் வைத்தாள். எனக்குப் பயம், தொண்டையில் அடைத்துக்கொண்டால்? பாப்பா அதைப் பார்த்தாள், கை முழுவதாலும் பிடித்தாள், பாதி நசுங்கி விரலிடுக்கில் வெளியே வந்தது, மீதியை வாய்க்குக் கொண்டுபோனாள், முதலில் கன்னத்தில் இடித்தது, பிறகு வாய். ஈறால் ஒரு கடி. நிறுத்தி யோசித்தாள். நாக்கு வெளியே வரவில்லை. தாடை மேலும் கீழும் அசைந்தது. விழுங்கினாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், உள்ளே ஒன்றும் இல்லை. மனைவி அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு வேகமாக நகர்ந்தது. அவள் கையில் ஒன்று இருந்தால் என் ஸ்பூனையும் அனுமதிக்கிறாள். கை காலியாக இருந்தால் வாய் மூடியிருக்கும். இட்லித் துண்டு, வேகவைத்த பூசணித் துண்டு, பழுத்த பப்பாளி, பிறகு பருப்பு சாதத்தைக் கையால் மசித்து நெய்யில் சின்ன உருண்டைகளாக. வீட்டு மாவில் அரைக்கும்போதே உப்பு சேர்த்துவிடுவோம் என்பதால், உப்புப் போடுமுன் அவளுக்கென்று இரண்டு கரண்டி தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறார் அத்தை. ஈரோட்டுக் கோடையில் உப்பில்லாமலும் நன்றாகவே பொங்குகிறது. இரும்புச்சத்துக்கு முட்டை மஞ்சள் கரு, வாரத்துக்கு ஒரு முறை வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல் ஒரு டீஸ்பூன், பருப்பில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ஈரலை இவ்வளவு விரும்புவாள் என்று நினைக்கவில்லை.

கையில் கொடுக்குமுன் நான் செய்த ஒரு காரியம், நீங்களும் செய்யுங்கள்: ஓங்கரிப்பதற்கும் மூச்சடைப்பதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது. ஓங்கரிக்கும் குழந்தைக்குச் சத்தம் வரும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே நீளும், தானே சரியாகிவிடும், நாம் விரலை உள்ளே விடக் கூடாது. மூச்சடைத்தால் சத்தமே வராது, அழ முடியாது. அப்போது முன்கையில் குப்புறத் தலை தாழ்த்திப் படுக்க வைத்து இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடியால் ஐந்து அழுத்தம், அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. பொம்மையை வைத்து நானும் அத்தையும் பழகிக்கொண்டோம். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பொரி, பச்சைக் கேரட் துண்டு எதுவும் அவள் பக்கத்திலேயே வராது. தேனும் ஒரு வயது வரை இல்லை, நாக்கில் தொட்டு வைக்கக்கூட.

செலவு: நாற்காலி 1,100, தராசு 380, ஸ்பூன் 160, பிப் இரண்டு 240, சல்லடை 90, வீணான பாக்கெட்டுகள் 645, ராகியும் பருப்பும் 184. மொத்தம் 2,799 ரூபாய். அட்டைப்பெட்டிக்கும் நேரம் மாற்றியதற்கும் காசில்லை, நோட்டின்படி அவை இரண்டுதான் அதிகக் கிராம் கொடுத்தவை.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் கூழுக்கு முன்னால் நாற்காலி. ஆறு மாதம் நிறையுமுன்பே வாங்கி, கால் பலகையை அளந்து கட்டிவைத்து, நாங்கள் சாப்பிடும்போது வெறுமனே உட்கார வைத்துப் பழக்குவேன். நோட்டை முதல் நாளே தொடங்குவேன். ஈரலையும் மஞ்சள் கருவையும் எட்டாம் மாதம் வரை தள்ளிப்போட மாட்டேன். ஒரு வாரத்தில் ஏழு வகை என்ற ஓட்டத்தை ஓட மாட்டேன். போனையும் பாலாடையையும் தொட மாட்டேன்.

எட்டாம் மாதம் 7.4 கிலோ, ஒன்பதாம் மாதம், போன வாரம், 7.8. அட்டையில் கோடு நிமிர்ந்துவிட்டது. தடுப்பூசி போட்ட நர்ஸ் அந்தப் படுத்த இடத்தைக் காட்டி இங்கே என்ன ஆயிற்று என்று கேட்டார், அங்கேயே நின்று முக்கால்வாசியும் சொல்லிவிட்டேன்.

கேரட் மட்டும் இன்னும் ஆகவில்லை. வேகவைத்து, மசித்து, நெய்யில் புரட்டி, பருப்போடு என்று ஒன்பது முறை வைத்தாயிற்று, ஒன்பது முறையும் எடுத்து நாற்காலிக்கு வெளியே போட்டுவிட்டு எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கிறாள். ஒரு உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். பத்தாவது முறை இந்த ஞாயிறு.